அறுபத்தொரு கோப்புகளின் தலையில் என் பெயர்

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து உள்ளே விடுவது என் வேலை. ஏழு வருடங்களாக அதே மேசை, அதே வெர்னியர் அளவுகோல், அதே சிவப்பு ரிஜெக்ட் முத்திரை. பெட்டி வந்ததும் அதன் மேல் சப்ளையர் ஒட்டியிருக்கும் டேக்கைப் பார்த்து விவரங்களைப் பதிவேட்டில் ஏற்றுவேன். சோதனை முடிந்ததும் அந்த டேக்கைக் கிழித்துவிட்டு எங்கள் டேக்கை ஒட்டுவேன். எங்கள் பார்ட் நம்பர், எங்கள் ரிவிஷன் எண், அடியில் என் கையெழுத்து. உள்ளே போகும் பெட்டியில் இன்னொரு கம்பெனியின் டேக் தொங்கினால் ஆடிட்டில் என் தலைதான் உருளும்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்த காரியத்தைக் கேட்கிறவர்கள் எல்லாம், "உங்களுக்கு எப்படிங்க இப்படிச் செய்யத் தோணுச்சு?" என்கிறார்கள். தோன்றவெல்லாம் இல்லை. கை பழகியிருந்தது, அது பாட்டுக்குச் செய்துவிட்டது. சாக்குச் சொல்லவில்லை. என் மேல் எனக்கே இன்னும் கோபம் ஆறவில்லை.

என் தோழி அதே தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தாள். சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். வீட்டில் தெலுங்கு, கம்பெனி பஸ் டிரைவரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை. அவர்கள் வீட்டில் தக்காளி போடுகிறார்கள். மழை பிடித்தால் என்ன ஆகும், நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் அடியிலுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் இருப்பது எப்படி நசுங்கும், மார்க்கெட்டுக்குள் நுழைவதற்குள் எத்தனை கிரேட் வீணாகும் என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டே வந்தாள். "இதையே கேமா பண்ணலாம் போலிருக்கே" என்றேன். சும்மா சொன்னதுதான். மறுநாள் ஒரு நோட்டு முழுக்க ரோடு வரைந்து கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் மினி லாரியில் தக்காளி ஏற்ற வேண்டும், கெடுவதற்குள் மார்க்கெட் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இருவருமே வீடியோ பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றோம். படங்கள் எல்லாம் அவள். வெயிலுக்கும் குலுங்கலுக்கும் ஏற்ப ஒவ்வொரு பழமும் பழுத்து, வெடித்து, அழுகுகிற கணக்கும் அவள் எழுதியது. அதை எழுத அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. மற்றதை நான் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டேன் என்றால், இணையத்தில் ஓப்பன் சோர்ஸாகக் கிடைத்ததை எல்லாம் எடுத்துவந்து ஒன்றோடொன்று தைத்தேன். இலவசமாகக் கிடைக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் சட்ட அறிவு.

ஒரு கட்டத்தில் அவள் வேலையை விட்டாள். பெங்களூருவில் ஒரு கேம் கம்பெனி, நாங்கள் இணையத்தில் போட்டிருந்த முன்னோட்டப் பதிப்பை விளையாடிப் பார்த்துவிட்டு, தாங்களே வெளியிடுவதாகச் சொல்லியிருந்தது. கூடவே அவளிடம், "நீங்கள் எழுதிய பகுதியை மட்டும் தனியாக அனுப்புங்கள், பிடித்தால் இங்கேயே சேர்ந்துவிடலாம்" என்றும் சொல்லியிருந்தார்கள். டிகிரி கேட்கவில்லை, ஆங்கிலம் கேட்கவில்லை. நீ செய்ததைக் காட்டு என்று மட்டும் கேட்டார்கள். டிப்ளமோ முடித்துப் பன்னிரண்டு வருடம் அடுத்தவர் சொன்ன டிராயிங்கையே போட்டவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அனுப்பிவிட்டு வந்த அன்றைக்கு மத்திகிரி பஸ் நிறுத்தத்தில் நின்றபடி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

அதற்கெல்லாம் முன்பு, அவள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் எங்கள் விளையாட்டின் புரோகிராம் கோப்புகளைச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் யாரோ ஒருவருடைய பெயர், வருடம், அதற்குக் கீழே பத்திருபது வரிக்கு ஆங்கிலத்தில் ஏதோ நிபந்தனை. ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இன்னொரு மாதிரி. பார்க்கவே எனக்கு அரித்தது. ஒரு சின்ன புரோகிராம் எழுதி எல்லாக் கோப்புகளின் தலையையும் ஒரே வீச்சில் வெட்டினேன். வெட்டிய இடத்தில் ஒரே மாதிரி எங்கள் டேக்: பார்ட் நம்பர், ரிவிஷன், அடியில் "உரிமை" என்று போட்டு என் பெயர். அறுபத்தொரு கோப்புகள், ஒரே அழகு. ஷாப் ஃப்ளோரில் புது ரிவிஷன் டிராயிங் வந்தால் பழையதை அன்றைக்கே கிழித்துவிடுவோம், இல்லையென்றால் யாராவது பழையதைப் பார்த்து ஒரு லாட்டையே தப்பாகக் கடைந்துவிடுவார்கள். அதே புத்தியில் பழைய பிரதிகளையும் அழித்தேன். அவளுடைய லேப்டாப்பில் இருந்ததையும் அடுத்த வாரம் நானே மாற்றிக்கொடுத்தேன். பிறகு டீ போட்டுக் குடித்தேன். அந்த டீ எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு புதன்கிழமை மதியம், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெங்களூருவிலிருந்து படிவம் வந்தது. திங்கட்கிழமை நண்பகலுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். விளையாட்டில் இருக்கும் மற்றவர்களுடைய கோட் (புரோகிராம் வரிகள்), படம், ஒலி ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் பெயர், எந்த லைசென்ஸ், அதன் நிபந்தனை. கடைசியில் ஒரு வரி: மேலே குறிப்பிட்டவை தவிர மற்ற அனைத்தும் எங்கள் சொந்தப் படைப்பு என்று உறுதி அளிக்கிறோம். அதற்குக் கீழே இரண்டு கையெழுத்து.

நான் வெட்டி எறிந்த அந்தப் பத்திருபது வரிகள்தான் லைசென்ஸ் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது.

மூன்று நாள் அவளிடம் சொல்லவில்லை. பயம், வேறொன்றும் இல்லை. பொய்யாக நிரப்பிவிடலாமா என்று யோசிக்கவும் செய்தேன். டேக் எல்லாம் என் பெயரில்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது? வியாழக்கிழமை வேலை நேரத்திலேயே அந்தப் படிவத்தைப் போனில் திறந்து முதல் கட்டத்தில் "இல்லை" என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தவர் ஒரு லாரி டிரைவர். சில வருடங்களுக்கு முன்னால் ஸ்டீல் கம்பி ஏற்றிவந்தவர். கம்பி அளவெல்லாம் துல்லியமாக இருந்தது, ஆனால் எந்த ஆலையில் உருக்கியது என்ற சான்றிதழ் இல்லை. "ஒரு பேப்பருதானுங்க மேடம், நாளைக்கே கொண்டாந்து குடுத்துர்றேனுங்க" என்று கேட் அருகில் வெயிலில் நின்று கெஞ்சினார். "எங்க பொறந்துச்சுன்னு தெரியாத கம்பிய உள்ள விட முடியாதுங்கண்ணா" என்று சொல்லி, வண்டியை அப்படியே திருப்பி அனுப்பினேன். பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன், பெருமையாகச் சொன்னேன். இப்போது எங்கே பிறந்தது என்று தெரியாத ஒரு மூட்டையை என் பெயர் போட்டு உள்ளே தள்ளப் பார்க்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. போனை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் அவள் மத்திகிரியில் என் மாடி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு பை நிறையத் தக்காளியும் கொண்டுவந்திருந்தாள். அதை அவள் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்: வெட்டியதை, அழித்ததை, நாளை நண்பகல் கெடுவை.

"பழைய காப்பி ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்ல."

"பென் டிரைவுல?"

"அதையும் க்ளீன் பண்ணிட்டேன்."

"நல்லா பண்ணுன போ, க்ளீனு. வீட்ட இப்புடி கூட்டியிருந்தா சந்தோசப்பட்டிருப்பேன்" என்றாள். அப்போதும் அவள் கத்தவில்லை. தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். "ஒக்காரு. ஒவ்வொண்ணா தேடலாம்."

ஒரு கோப்பைத் திறப்போம். அதிலிருந்து விசித்திரமான ஒரு வரியை எடுத்து இணையத்தில் போட்டுத் தேடுவோம். அதே வரி எங்கே இருக்கிறதோ அங்கே போய் எழுதியவர் பெயரையும் நிபந்தனையையும் எடுத்துத் தாளில் எழுதுவோம். பாதிக்கு மேல் எளிதானவை. எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்து, விற்கவும் செய், ஆனால் என் பெயரையும் இந்தக் குறிப்பையும் எடுத்துவிடாதே. அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. அந்த ஒன்றைத்தான் நான் செய்திருக்கிறேன். ஒவ்வொரு பெயரை எழுதும்போதும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பது மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்குச் சாலைப் போக்குவரத்துக் கோப்புகளின் முறை வந்தது. லாரிகள் ஒன்றையொன்று முந்துவது, வழி அடைத்தால் சர்வீஸ் ரோட்டில் இறங்குவது, எல்லாம் அந்த ஒன்பது கோப்புகள்தான். அது கிடைத்த பக்கத்தில் லைசென்ஸை அவள் ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"இத சேர்த்து நீ எதப் பண்ணி அடுத்தவங்களுக்குக் குடுத்தாலும், அந்த மொத்தப் புரோகிராமையும் இதே நிபந்தனையில எல்லாத்துக்கும் தொறந்து குடுக்கணுமாம்."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

பெங்களூரு கம்பெனியின் ஒப்பந்தத்தில் கோட் வெளியே போகக் கூடாது என்று தெளிவாக இருந்தது. ஆக, போக்குவரத்தைத் தூக்கினால் விளையாட்டு இல்லை. வைத்துக்கொண்டால் கம்பெனி இல்லை. முன்னோட்டப் பதிப்பை ஏற்கெனவே ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டோம் என்பதால், தப்பு நடக்கப்போவதில்லை, நடந்து முடிந்திருந்தது. முதல் வேலையாக அதை இணையத்திலிருந்து இறக்கினேன். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

"சரி. இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டபடி அவள் அடுத்த கோப்பைத் திறந்தாள். பழம் பழுக்கிற கணக்கு இருக்கும் கோப்பு. வழக்கமாக நாங்கள் கோப்பைத் திறந்தால் நேராக வேலையுள்ள வரிக்கு இறங்கிவிடுவோம், தலைப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. அன்று காலையிலிருந்து தலையை மட்டுமே பார்த்துப் பழகியிருந்ததால் அவள் கண் மேலேயே நின்றது.

பார்ட் நம்பர். ரிவிஷன். உரிமை: என் பெயர்.

"இது நான் எழுதினது" என்றாள்.

மூன்று நாள், நான்கு இரவு, முகம் தெரியாத யார் யாரையோ நினைத்துப் பயந்திருக்கிறேன். அவளுடைய கோப்புகளும் அந்த அறுபத்தொன்றில்தான் இருக்கின்றன என்பது ஒரு தடவைகூட என் மண்டையில் ஏறவில்லை. சத்தியமாக ஏறவில்லை. ஏறாததுதான் அசிங்கம்.

அவள் அடுத்ததைத் திறந்தாள், அதற்கடுத்ததை. மழை. கிரேட் நசுங்குவது. எல்லாவற்றின் தலையிலும் நான். பிறகு தன் போனை எடுத்து, நேற்று வந்த ஒரு மெயிலைத் திறந்து என் முன்னால் வைத்தாள். பெங்களூருவிலிருந்து வந்தது, இரண்டே வரி. நீங்கள் உங்களுடையது என்று அனுப்பிய கோப்புகளில் உரிமை வேறொருவர் பெயரில் இருக்கிறது, விளக்க முடியுமா?

"அவங்க எதையோ மாத்திப் பாத்துட்டாங்கன்னு நெனச்சேன். உங்கிட்ட காட்டிச் சிரிக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"நா வேணும்னு பண்ணலடி. அது மொத்தமா ஓடுன புரோகிராம்..."

"தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா சண்டையாவது போடலாம்." லேப்டாப்பை மூடினாள். "பேர் வெட்டுன மத்தவங்கள உடு. அவங்க யாரோ, எந்த ஊரோ. நான் பக்கத்துலதானடி ஒக்காந்திருந்தேன்."

தக்காளிப் பையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். மாடியிலிருந்து பார்த்தேன். கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து வந்த டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மதியமே பெங்களூருவுக்கு எழுதினேன். அவள் அனுப்பியதை எழுதியது அவள்தான், தலையில் இருக்கும் பெயர் என் தவறு, அவளுக்குத் தெரியாமல் நடந்தது என்று. படிவத்தில் மறைக்காமல் எல்லாவற்றையும் நிரப்பினேன், போக்குவரத்து உட்பட. திங்கட்கிழமை அங்கிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். இப்படி ஒரு புரோகிராமைத் தங்களால் வெளியிட முடியாது என்றார். "அவளோட வேலைங்க மேடம்?" என்று கேட்டேன். யார் எழுதியது என்று தங்களால் உறுதி செய்துகொள்ள முடியவில்லை, நீங்கள் இருவரும் தோழிகள் என்பதால் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது சிரமம் என்றார். பழைய பிரதிகள் இருந்தால் போதும் என்றார். பழைய பிரதிகள்! போனை வைத்துவிட்டு ஸ்டோர் ரூமில் பெட்டிகளுக்கு நடுவே போய் நின்று அழுதேன்.

போக்குவரத்தை எழுதியவருக்கும் எழுதினேன். ஐரோப்பாவில் எங்கேயோ இருப்பவர். எனக்குத் தனியாக அனுமதி தர முடியுமா என்று கேட்டிருந்தேன். சொன்னதற்கு நன்றி என்று பதில் வந்தது. அதில் இன்னும் பலருடைய உழைப்பும் கலந்திருப்பதால் தான் ஒருவர் மட்டும் தனி அனுமதி கொடுப்பது சரியல்ல, பெயர்களைத் திரும்ப வைத்து, நிபந்தனைப்படி திறந்து கொடுத்தால் போதும் என்றார். தக்காளி லாரி யோசனை தனக்குப் பிடித்திருப்பதாகவும் ஒரு வரி. பலர் சேர்ந்து செய்ததை ஒருவர் மட்டும் முடிவு செய்ய முடியாது என்று அவர் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் விளையாட்டுக்கும் அதுதான் சட்டம். அவள் சம்மதம் இல்லாமல் அதைத் திறக்கவும் எனக்கு உரிமை இல்லை, மூடவும் இல்லை.

அவள் போனை எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். சூளகிரியில் இறங்கி அவர்கள் தோட்டத்துக்கு நடக்கிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அறுவடை நாள். அவள் அம்மா தெலுங்கில் உட்காரச் சொன்னார். அவள் ஒரு கவிழ்த்த கிரேட் மேல் உட்கார்ந்து பழத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள்.

ஒத்திகை எல்லாம் போயே போய்விட்டது. "கம்பெனி வேண்டான்னுட்டாங்க. உனக்கும் சேர்த்துக் கெடுத்துட்டேன். அத எப்புடிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெர்ல" என்றேன். "இப்ப இதத் தொறந்து வெளிய வுடறதா, இல்ல அப்புடியே மூடி வெச்சிடறதா, நீ சொன்னாத்தான். நீ வேண்டான்னா வேண்டாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பட்டியலை வாங்கினாள். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தாள். எளிய நிபந்தனைக்காரர்களுடைய இருபத்தைந்து கோப்புகள். போக்குவரத்து ஒன்பது. அவளுடையது இருபத்து மூன்று. எவ்வளவு தேடியும் ஊர் பேர் கிடைக்காத மூன்றைத் தூக்கிவிட்டு நானே புதிதாக எழுதியிருந்தேன். கடைசி வரியில் விரல் நின்றது.

"உன்னுது நாலுதானா?"

"அந்த மூணயும் சேர்த்துத்தான்."

அறுபத்தொன்றில் என் பெயர் போட்டுக்கொண்டிருந்தேன், என்னுடையது என்று சொல்ல நாலு இருந்தது. இதைவிடப் பெரிய ரிஜெக்ட் முத்திரையை என் வாழ்க்கையில் யாரும் என் மேல் குத்தியதில்லை.

"கோடத் தொற" என்றாள் பட்டியலை மடித்துக்கொண்டே. "எல்லாரும் எடுத்துக்கட்டும். படம் மட்டும் என்னுது, அதத் தனியா எழுது. மத்தவங்க பேரெல்லாம் அவங்க வெச்சிருந்த மாதிரியே வெய்யி."

"வெச்சிட்டேன். உன்னோட இருபத்து மூணுலயும் உன் பேரப் போட ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டாந்திருக்கேன். ஒரு செகண்டுல முடிஞ்சிரும்."

"புரோகிராம் வேண்டாம்" என்றாள். "லேப்டாப்பக் குடு."

தக்காளிச் சாறு பட்ட விரல்களைப் பாவாடையில் மறுபடி துடைத்துக்கொண்டாள். முதல் கோப்பைத் திறந்தாள். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். தன் பெயரை, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். சேமித்தாள். அடுத்ததைத் திறந்தாள். வண்டிக்காரர் வந்து கிரேட் ஏற்ற ஆரம்பித்தார், அவள் எழுந்திருக்கவில்லை. இருபத்து மூன்றும் முடிகிற வரை நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.